கம்பியின் தடம்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நாம் வாங்கிய பழைய விசைப்படகில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருந்தன. கம்பிகள் அனைத்தும் கறுப்பு நிறம். இணைத்தவரோ இன்று உயிருடன் இல்லை. ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையோடு சேர்ந்திருந்தால் 24 வோல்ட். நேரோடு நேரும், எதிரோடு எதிரும் சேர்ந்திருந்தால் 12 வோல்ட்தான். ஊகம் பிழைத்தால் விளக்கும் வயர்லெஸ் கருவியும் கருகும். நடுக்கடலில் அது உயிருக்கே ஆபத்து. ஆகவே மீட்டரால் அளந்தோம். அது 24 என்றது. பின்னர் ஒவ்வொரு கம்பிக்கும் பெயர்ச்சீட்டுக் கட்டினோம்.

1800-இல் மின்கலத்தை உலகுக்கு அறிவித்த வோல்டா, 1815-இல் தம் கத்தோலிக்க விசுவாசத்தை எழுத்தில் அறிக்கையிட்டவர். சோதித்தறிதல் விசுவாசத்திற்குப் பகையன்று. முன்னோர் விட்டுச்சென்றதை அறுத்தெறியாமல், பொறுமையுடன் தடம் பற்றி அறிந்து, பின்வருவோர்க்குத் தெளிவாக்கிக் கொடுப்பதும் பிறரன்பே.