அரைப்பேரும் இல்லாதவர்கள்

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் எடை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம். ஹட்டன் பக்கத்து லயமொன்றில் பிறந்து ஆசிரியனான எனக்குப் பழைய மேனாட்டுப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சொல்லே நினைவுக்கு வருகிறது.

1954இல் வெளிவந்த ‘எலிபன்ட் வோக்’ இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றின் கதை. ஹொலிவூட்டின் பரமவுண்ட் நிறுவனத்தார் 1953இல் இங்கு வந்து காட்சிகள் எடுத்தனர். யானைகளின் வழித்தடத்தை மறித்து ஒரு துரை பங்களா கட்டுகிறான். அவன் மகன் மணந்து அழைத்துவரும் பெண்ணாக எலிசபெத் டெய்லர் நடித்தார். காதலும் பொறாமையும் பங்களாவுக்குள்ளேயே நிகழ்கின்றன. தொழிலாளரோ கூட்டமாக வருகின்றனர். வாந்திபேதி பரவியதும் கூட்டமாகவே நோயில் விழுகின்றனர். அவர்களின் சாவும் துரைமாரின் மனவுறுதியைக் காட்டும் சந்தர்ப்பமாகவே அமைகிறது. கதையில் முக்கிய இடம்பெறும் சுதேசிப் பாத்திரம் பங்களாவின் தலைமை வேலையாள் அப்புஹாமி. அவ்வேடத்தை ஏற்றவரும் ரங்கூனில் பிறந்த ஆங்கில நடிகர் ஆப்ரகாம் சோபேர்தான்.

யானைகளுக்கு அந்தப் படத்தில் ஒரு நியாயம் உண்டு. இழந்த பாதையைக் கேட்டு வந்து, இறுதியில் பங்களாவையே தகர்க்கின்றன. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த என் பெரியம்மா இதைப் பார்த்துவிட்டு, “யானைக்கு வந்த கோவம் நம்ம ஆளுகளுக்கு வரலையே, ஏன் தம்பி?” என்று கேட்டார்.

கோபம் வராமலில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலீஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அதன் பின்னரே 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பறித்த 1949ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தன. வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவர்களைத்தான் 1953இல் கமெரா எதிர்கொண்டது. கோபத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தை மட்டும் அது எடுத்துக்கொண்டது.

கூட்டமாகவேனும் தோன்றாத படமும் உண்டு. ஹட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் வழியிலுள்ள கித்துல்கலையில்தான், டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படமாக்கப்பட்டது. ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்ற அப்படம், 1942–43இல் ஜப்பானியர் அமைத்த சியாம் – பர்மா ரயில்பாதையைப் பற்றியது. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அப்பாதையில் மாண்டனர். மாண்ட ஆசியத் தொழிலாளரின் தொகை, மாண்ட வெள்ளைக் கைதிகளின் தொகையைவிடப் பன்மடங்கு. படமோ வெள்ளைத் தளபதி ஒருவரின் தன்மானப் போராட்டமாகவே நகர்கிறது. தமிழரின் உறவினர் வாழும் மலையடிவாரத்தில், அவர்களின் சாவு தவிர்க்கப்பட்டுப் பாலம் மட்டும் கட்டப்பட்டது.

இப்படங்களைப் புறக்கணிக்க வேண்டுமென நான் கூறவில்லை. அவற்றில் கலைத்திறன் உண்டு. ஆசிரிய நண்பர்கள் இவற்றை வகுப்பிலேயே காட்டட்டும். காட்டியபின், பங்களாவுக்குத் தண்ணீர் சுமந்தவர் யார், ரயில்பாதையில் மண் வெட்டியவர் யார் என்று மாணவர்களைக் கேட்கட்டும். விடையை அவர்கள் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வரட்டும். அந்த எழுத்திலாவது நம்மவர்க்கு முழுப்பேர் விழவேண்டும்.