கொடி சொல்லும் செய்தி

தொப்புள்கொடியின் காய்ந்த துணுக்கைத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரையிலே கட்டுவது நம் பழைய வழக்கம். தீராத நோய் கண்டால் அதுவே மருந்தாகுமென்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இக்காலத்து வைத்தியரும் அந்தக் கொடியை நாடுகிறார். அவர் தேடுவது அதிலுள்ள ரத்தம் சொல்லும் செய்தியை.

யானைமலையின் அடியில், ஒத்தக்கடையில் நாம் உபாத்தியாயராய் இருந்து வருகிறோம். சென்ற ஆண்டு நம்மிடம் படித்த பெண்ணொருத்திக்கு 32ஆம் வாரத்திலேயே மதுரையில் பிரசவமாயிற்று. குழந்தையின் எடை ஒன்றரைக் கிலோ. அவ்வளவு சிறிய உடலில் ஓடும் ரத்தம் முழுவதும் சுமார் ஒரு டம்ளர்தான்.

குறைமாதக் குழந்தையைக் கிருமி தொற்றினால் சுரம் காய வேண்டுமென்பதில்லை. உடல் சில்லிடலாம், பால் இறங்காது, மூச்சு நின்று நின்று வரும். இவை தெரிவதற்குள் காலம் கடந்துவிடக்கூடும். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கவோ ஒன்றிரண்டு நாள் வேண்டும். கொடியை அறுத்தபின் நஞ்சுக்கொடிப் பக்கம் எஞ்சிய ரத்தத்தைச் சோதித்தால், குழந்தையின் ரத்தத்தில் ஒரு துளியும் குறையாமல் சில மணியிலேயே குறிப்புக் கிடைக்கும்.

அக்குறிப்புகளில் இன்டர்லூக்கின்-6 என்பது தொற்று நேர்ந்ததும் விரைந்து உயர்ந்து, விரைந்தே தாழும். சி-ரியாக்டிவ் புரதம் 1930இல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளரை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டது. அது ஈரலில் உண்டாகி மெல்ல ஏறுவதால், பிறந்த கணத்தில் தாழ்ந்திருந்தாலும் அபாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே ஒரே குறிப்பை நம்பித் தீர்ப்புக் கூறுதல் தகாது.

2011 முதல் 2014 வரை டில்லியின் மூன்று ஆஸ்பத்திரிகளில் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. தொற்றுக் கண்ட சிசுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது முதல் 72 மணிக்குள்ளேயே வந்தது. பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் அங்கே மலிந்திருந்தன. மருந்து தராவிடில் குழந்தை போய்விடலாம். எல்லாருக்கும் தந்துகொண்டே இருந்தால் கிருமிகள் மருந்தை வெல்லக் கற்றுவிடும். வைத்தியரின் சங்கடம் இதுதான்.

நம் மாணவியின் குழந்தைக்கு முதல் நாளே மருந்து தொடங்கினார்கள். கிருமி வளரவில்லையென்று தெரிந்ததும் மூன்றாம் நாள் நிறுத்தினார்கள்.

"இல்லாத நோய்க்கு ஏன் ஐயா இத்தனை ஊசி?" என்றார் தாத்தா.

"இல்லையென்று அறியத்தான் பெரியவரே, இரண்டு நாள் ஆயிற்று" என்றார் வைத்தியர்.

அந்த இரண்டு நாளைச் சில மணியாகக் குறைக்கவே கொடி ரத்தத்தை ஆராய்கிறார்கள். வீட்டாரும் துணை செய்யலாம். கர்ப்பிணிக்குச் சுரம் கண்டாலும், வலியின்றியே நீர் உடைந்தாலும், விடியட்டுமென்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுக. நீர் உடைந்த மணியைக் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் சொல்லுக. எந்தச் சோதனையும் தராத செய்தி அது. வீட்டிலிருந்தே செல்ல வேண்டும்.