ஹாலிஎல: பதுளைக்கு முந்திய நிலையம்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தில் வந்த சகோதரிகளுக்கு ஹாலிஎல என்ற பெயர்ப் பலகை நினைவிருக்கலாம். தெமோதரையைச் சுற்றி, உடுவரையையும் கடந்து வண்டி இறங்கி வரும்போது, பதுளைக்கு முந்திய நிலையம் அதுதான். அந்நேரம் எல்லோரும் மூட்டை முடிச்சுகளை எடுத்து வைப்பதிலும் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டுவதிலும் மும்முரமாக இருப்பார்கள். ஊரை யாரும் பார்ப்பதில்லை.

சிங்களத்தில் 'எல' என்றால் ஓடை. பக்கத்து 'எல்ல' வேறு, அது நீர்வீழ்ச்சி. வெலிமடைப் பக்கமிருந்து வரும் வீதியும், பெரகலையிலிருந்து பண்டாரவளை வழியாக வரும் வீதியும் இங்கேதான் சந்திக்கின்றன. இவ்வூருக்கு அண்மையில் போகொட என்ற இடத்தில், கல்லந்த ஓயாவின் மேல், ஓட்டுக் கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கவும் சற்று உட்கார்ந்து இளைப்பாறவும் ஏற்றபடி கட்டியிருக்கிறார்கள். பதுளைக்கு வருவோர் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம்.

பள்ளத்தில் வயல், மேட்டில் தேயிலை. ஜூலை முதல் செப்டம்பர் வரை மலை இடுக்குகளால் வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றில் வாடும் கொழுந்துக்குத்தான் 'ஊவாத் தேயிலை' என்று உலகமெங்கும் பெயர். நம் வீட்டுத் தேநீரில் கமழும் அந்த வாசனைக்காகக் கொழும்பு ஏலத்தில் விலை ஏறும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலி அந்தக் காற்றோடு ஏறுவதில்லை.

நான் சொல்ல வந்தது அந்தப் பெண் குடியிருக்கும் இடத்தைப் பற்றி.

பதுளை நகரத்துக்கு மாநகர சபை உண்டு. ஹாலிஎலைக்குப் பிரதேச சபை. கிராமத்துப் பாதை, தெரு விளக்கு, சந்தை, நூலகம், குப்பை அகற்றுதல் என்று அன்றாட வாழ்வைத் தொடும் காரியங்கள் இச்சபையின் பொறுப்பு. ஆனால் பிரதேச சபைகளை உண்டாக்கிய 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கிராமத்துக்குச் செய்வது போலத் தோட்டக் குடியிருப்புக்குள் சபை தன் பணத்தைச் செலவிட அது இடம் தரவில்லை. நிலம் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது, லயனில் வாழ்பவர் சபையின் வாக்காளர். வாக்குக் கேட்டு லயன் வாசலுக்கு வரலாம், அதே வாசலுக்குப் பாதை போட வர முடியாது! சட்டம் படித்தவர்கள் இதற்கு என்ன நியாயம் சொல்வார்களோ தெரியாது. 1948இல் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்த மக்களுக்கு, வாக்குச் சீட்டு கிடைத்த பின்னும் இந்த வேலி நின்றது.

வேலி யாரைத் தடுத்தது என்று சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேறுகால வலி வந்தவளைக் கரடு முரடான பாதையில் லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதை எண்ணிப் பாருங்கள். பெரட்டுக்கு முன் இருட்டோடு எழுந்து பீலியில் குடத்தோடு வரிசையில் நிற்பவளும் பெண்தான். மழைக்காலத்தில் சறுக்கும் படியில் பிள்ளையைத் தூக்கிப் பிள்ளை மடுவத்துக்கு இறங்குபவளும் அவளே.

2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளிலும் பாதை, கிணறு, பொது வசதி செய்யச் சபைக்கு வழி திறந்தது. நல்ல காரியம், முப்பது வருடம் பிந்திய காரியம். இனி "சட்டம் இல்லை" என்று எந்தத் தவிசாளரும் கை விரிக்க முடியாது. "பணம் இல்லை" என்று சொல்லலாம். அதற்கும் சபையின் வரவு செலவைக் கேட்டுப் பார்க்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு.

முகவரி விஷயம் தனி. லயன் வீட்டுக்கு நெடுங்காலம் கதவிலக்கம் இல்லை. பெயர், தோட்டம், டிவிசன் என்று எழுதினால் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும். நான் படிப்பித்த பிள்ளை ஒருத்தி உயர்தரம் சித்தியடைந்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அழைப்புக் கடிதம் அவளுடைய தாயின் கைக்கு வந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து நான்கு நாளாகியிருந்தது. அடுத்த விண்ணப்பத்தில் அவள் ஹாலிஎல டவுனில் தெரிந்த ஒரு கடையின் முகவரியை எழுதினாள்.