எஞ்சினுக்குத் தரையில்தான் கண்டம்!

எங்கள் ஊர் பெரும்பாறையில் காபி உண்டு, மிளகு உண்டு, ஆரஞ்சு உண்டு. பஸ்ஸில் வருகிறவர்கள் வாந்தி எடுக்க வளைவுகள் உண்டு. கடல் மட்டும் கிடையாது. ‘மலைமேலே கொடைக்கானல் ஏரி இருக்கிறதே?’ என்பீர்கள். 1863ல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய அந்த ஏரியில் டூரிஸ்ட்டுகளுக்குத் துடுப்பும் பெடலும்தான்.

அப்படியிருக்க, பி.காம். படித்த ஒரு மலைவாசிக்குப் படகு எஞ்சினோடு என்ன சம்பந்தம்? 2015 டிசம்பர்தான் சம்பந்தம்.

அப்போது சைதாப்பேட்டையில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரூம். டிசம்பர் 1 ராத்திரி அடையாறு கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டது. விடிந்தபோது மொட்டை மாடியில் பதினோரு பேர். அதில் ஹவுஸ் ஓனர் அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். மருந்து, ஃபிரிட்ஜோடு தண்ணீருக்குள்!

மத்தியானம், மினி லாரியில் ஏறி வந்த மீனவர் படகு ஒன்று எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. வாசல்வரை வந்ததும் மிதந்து வந்த புடவை ஒன்று விசிறியில் சுற்றிக்கொள்ள, எஞ்சின் கப்சிப்! அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். படகிலிருந்த பெரியவர் பதறவே இல்லை. எஞ்சினைச் சாய்த்துத் தூக்கினார். கத்தியால் புடவையை அறுத்தார். கயிற்றை ஒரே இழு... ஸ்டார்ட்! அம்மா அன்றைக்கே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

தினமும் ஆபீஸ் மட்டுமே போய்வரும் என் பைக், ஒரு தூறலுக்கே பத்து உதை கேட்கும். உப்புத் தண்ணீரில் உழைத்து, லாரியில் குலுங்கி வந்த எஞ்சின் எப்படி ஒரே இழுப்பில் எழுந்தது? தண்ணீர் வடிந்தபிறகு அவர் குப்பத்துக்கே போய்க் கேட்டேன்.

“கடல்ல எஞ்சின் சாவாது தம்பி. கரைக்கு வந்தப்புறம்தான் சாவும்” என்றார்.

விஷயம் இதுதான். இந்த எஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கரையேறியதும் உள்ளே மிச்சமிருப்பது காய்ந்து உப்பாகிறது. அது படிந்து வழியை அடைத்தால், அடுத்த முறை சூடு தாங்காது. அதனால் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை அதில் முக்கி, பத்து நிமிஷம் ஓட்டுவார். பக்கவாட்டில் சின்னக் குழந்தை ஒன்றுக்குப் போகிற மாதிரி மெல்லிய தாரை பீய்ச்ச வேண்டும். அது நின்றால் எஞ்சினையும் நிறுத்து! தண்ணீர் இல்லாமல் சும்மா ஓட்டிப் பார்த்தால், உள்ளே இருக்கும் ரப்பர் இறக்கை கருகிவிடும்.

பிறகு எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓட்டம். அவ்வப்போது கியர் ஆயிலையும் பார்ப்பார். பால் கலந்த மாதிரி இருந்தால் சீல் போச்சு, தண்ணீர் புகுந்தாச்சு. குடங்கள் க்யூவில் நிற்கும் குப்பத்தில் எஞ்சினுக்குத்தான் முதல் குளியல். அவருக்கு அப்புறம்தான்!

லாரிப் பயணம் இன்னொரு கண்டம். எஞ்சினைப் படகின் பின்பலகையில் மாட்டியபடியே கொண்டுபோனால், நம்ம ஊர்ப் பள்ளங்களில் பலகை விரிந்துவிடும். கழற்றி, தண்ணீரை முழுக்க வடித்து, பழைய மெத்தை சுற்றித்தான் ஏற்றுவார். படுக்கவைத்தாலும் தலை மேலே, விசிறி கீழே. மாறிப்போனால் மிச்சத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும்.

2018ல் கேரள மீனவர்களும் இப்படித்தான் லாரிகளில் படகை ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குள் போனார்கள். 669 படகுகள், காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 65,000 பேர் என்கிறது அரசுக் கணக்கு. அத்தனை எஞ்சின்களையும் முந்தின நாள் சாயங்காலம் யாரோ கழுவி வைத்திருக்கிறார்கள்!

காலேஜில் எங்களுக்குத் தேய்மானத்தை வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குப்பத்துப் பெரியவர் கணக்கில் அது தினசரி பத்து நிமிஷம்.

இப்போது அப்பாவின் காபித் தோட்டத்து ஸ்பிரேயரைக்கூட, டேங்கைக் காலி செய்து, மிச்சத்தை ஓட்டித் தீர்த்தபிறகுதான் பரணில் ஏற்றுகிறேன். நீங்களும் இன்று ஆபீஸ் விட்டு வந்ததும் உடனே டி.வி.யைப் போட்டுவிடாதீர்கள். வாசலில் நிற்கும் பைக்கை ஒரு துணியால் துடையுங்கள். வெள்ளம் தேதி சொல்லிவிட்டா வருகிறது?