மணியோடு ஒரு காலை நடை

"சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினம் அரை மணியாவது நடங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டால், நம்மைப் போன்ற பெண்களுக்கு முதலில் எழும் கேள்வி, 'எங்கே நடப்பது, யாரோடு நடப்பது?' என்பதுதான். வீட்டுக்காரருக்கு நேரமில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். தனியே கிளம்பினால், "எங்கே இவ்வளவு தூரம்?" என்று நாலு பேர் விசாரிப்பார்கள். எனக்குத் துணையாக வந்தது எங்கள் நாட்டு நாய் மணிதான். அது கூட வந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை!

பழனிக்கு அருகே, மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் பாலசமுத்திரம். பக்கத்திலேயே 65 அடி உயரப் பாலாறு–பொருந்தலாறு அணை. அந்தத் தண்ணீரால் நெல்லும் தென்னையும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. நாயோடு நடக்க வாய்க்கால் கரையும், தோப்புகளுக்கு நடுவே போகும் வண்டித் தடமும்தான் சிறந்தவை. தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். ஆட்டு மந்தை எதிரே வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஓரமாக நின்றுவிட வேண்டும்.

"மலைமேலே போகலாம்மா!" என்பான் என் பையன். அதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை. மலைக்காடுகளில் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பு, 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் நாயோடு நுழையக் கூடாது. சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. யானையைக் கண்டு குரைத்த நாய் எஜமானரிடம்தான் ஓடி வரும். யானையும் பின்னாலேயே வரும்! இன்னொரு காரணமும் உண்டு. நாயைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் காட்டு விலங்குகளுக்கும் பரவும். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்கள் இதனால் மடிந்தன. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டிலும் இந்தக் கிருமி சிங்கங்களைப் பலி வாங்கியது. யானை நடமாட்டம் என்று கேள்விப்பட்டால், அன்று தோப்புப் பக்கமும் போகாமல் தெருவிலேயே நடந்துவிடுவேன்.

விடுமுறையில் எங்காவது போக ஆசைப்பட்டால், பாப்பம்பட்டி அருகே ஐவர்மலை இருக்கிறது. சமணத் துறவிகள் வாழ்ந்த குன்று. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. வரகுண பாண்டியன் காலத்து, கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் உண்டு. கோயிலுள்ள இடம் என்பதால் மணியை மேலே ஏற்றுவதில்லை. அடிவாரத்து நிழலில் ஒருவர் மணியோடு இருக்க, மற்றவர்கள் மாறி மாறி ஏறிப் பார்த்து வந்தோம்.

நடக்கக் கிளம்புமுன் சில விஷயங்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையைச் சில விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கொட்டாங்கச்சியும் கையில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் காது மடல், விரல் இடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் போட்டு, பிறகு கால்நடை டாக்டர் சொல்கிறபடி ஆண்டுதோறும் தொடர வேண்டும். குழந்தையை எந்த நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி வைப்பது ஆகாது. நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயம் இனி வேண்டாம். இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள். ஒரு தவணையும் விடக் கூடாது. நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

பத்து மாதமாக நடக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு குளத்துக் கரையோ வண்டித் தடமோ இல்லாமலா போகும்? நாளைக் காலையே கயிற்றை எடுங்கள், வாலாட்டிக்கொண்டு துணை வரும்!