தோசைத் திருப்பித் தலையன்

"ஏங்க, பாத்ரூம்ல குட்டிப் பாம்பு!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு இப்படி ஒரு அலறல். வீரத்துக்கும் எனக்கும் வெகுதூரம். ஆனாலும் பூந்தொட்டிக்கு வாங்கிய களைக்கொத்துடன் உள்ளே பாய்ந்தேன்.

பாம்பில்லை. ஒரு ஜாண் புழு. முதுகில் ஐந்து கறுப்புக் கோடு. தலை சாட்சாத் தோசைத் திருப்பி! ஒரே போடு, இரண்டு துண்டு. ஜெயித்தேன் என்று நிமிர்ந்தால், இரண்டும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டன!

மாடியில் ரிடையர்டான விலங்கியல் பேராசிரியர் இருக்கிறார். பாட்டிலில் போட்டுக் காட்டினேன்.

"ஒண்ணை ரெண்டாக்கிட்டியே தம்பி! இது பைபேலியம். தரையில வாழற தட்டைப்புழு. வெட்டினா ரெண்டும் பிழைச்சுக்கும். வெறுங்கையால தொடாதே. இந்தப் பேரினத்துல சிலதுகிட்ட விஷம் இருக்குன்னு 2014-ல கண்டுபிடிச்சாங்க."

வாய் எங்கே என்று தலையில் தேடினேன். அங்கே விளிம்பெல்லாம் பொடிப்பொடிக் கண்கள்தான். வாய் அடிவயிற்றின் நடுவில்! அதன் வழியே தொண்டையை வெளியே நீட்டி, மண்புழுவைக் கரைத்து உறிஞ்சுமாம். குடல் மூன்று கிளை: முன்னே ஒன்று, பின்னே இரண்டு. கழிவுக்குத் தனி வழி இல்லை, அதுவும் வாய் வழியேதான். பி.காம். படித்த எனக்குச் சட்டென்று புரிந்தது: வரவுக்கும் செலவுக்கும் ஒரே கவுன்ட்டர்!

"கோட்டைப் பார்த்தே பேரைச் சொல்லிடலாமா சார்?"

"உத்தேசமா சொல்லலாம். சிலதுல சந்தேகம் தீரணும்னா இனப்பெருக்க உறுப்பை மெல்லிசா சீவி, மைக்ராஸ்கோப்ல பார்க்கணும். மோஸ்லின்னு ஒருத்தர் 1874-ல இலங்கைத் தட்டைப்புழுக்களோட உடலமைப்பை எழுதினார். 1878-ல லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்ல கிடைச்ச புழுவுக்கு அந்தத் தோட்டத்துப் பேரையே வச்சார். உன்னுது அது மாதிரிதான் இருக்கு. சொந்த ஊர் தென்கிழக்கு ஆசியா. தொட்டி மண்ல உட்கார்ந்தே உலகம் சுத்தின ஆசாமி!"

தொட்டி மண் என்றதும் பகீரென்றது. மறுநாள் தங்கை வீட்டுக்கு ஒரு குரோட்டன்ஸ் தொட்டி அனுப்புவதாக இருந்தேன். அவள் பாங்க்கில் கடன் வாங்கி மண்புழு உரம் தயாரிக்கிறாள்!

ஓடிப்போய்த் தொட்டியை நகர்த்தினேன். அடியில் ஈரத்தில் சுருண்டு கிடந்தது இன்னொரு தோசைத் திருப்பி. இந்த முறை வெட்டவில்லை. குச்சியால் எடுத்து உப்பில் போட்டேன்.

தங்கைக்கு மண்ணில்லாமல், கழுவித் துடைத்த நாலு கிளை மட்டும் போனது.

"தொட்டியோட தரக்கூட அண்ணனுக்கு மனசு வரலை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சொல்லட்டும். அவள் மண்புழுக்கள் சௌக்கியம்!