பழைய குரலைத் தேடிப் போகிறவர்கள்

ரொறொன்ரோவின் மேற்குப் பக்கத்தில், பழைய தொழிற்சாலைகளை அலுவலகங்களாக மாற்றியிருக்கும் ஒரு தெருவில் இருக்கிறது அந்த ஒலிப்பதிவுக்கூடம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. முப்பது வருடங்களுக்கு முன் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த ஒரு கார்ட்டூன் தொடர் மறுபடி தயாராகிறது. அதன் குரல்பதிவைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. தொடரின் பெயரையும் அங்கே வேலை செய்கிறவர்களின் பெயரையும் எழுதுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே உள்ளே விட்டார்கள்.

ஒலிப்பதிவாளர் தமிழர். சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்காபரோவில் வளர்ந்தவர். "இதில இருங்கோ அண்ணை. சிவப்பு லைற் எரிஞ்சா ஒண்டும் கதைக்கக் கூடாது" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். அவரை இந்தத் தொழிலுக்குள் இழுத்து வந்ததும் ஒரு கார்ட்டூன்தான். 1992இல் தொடங்கி 1997 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 76 அத்தியாயங்கள் ஓடிய 'எக்ஸ்-மென்'. கதை அமெரிக்கக் கதை. படம் வரைந்தது பெரும்பாலும் தென் கொரியாவில். அதன் நாயகர்களில் ஒருவரான வுல்வரினின் குரல் உட்படக் குரல்கள் பதிவானது ரொறொன்ரோவில். மேடை நாடகத்தில் பழகிய நடிகர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். "வுல்வரின் எங்கட ஊரிலதான் நிண்டு கத்தினவர் எண்டு அப்ப எனக்குத் தெரியாது அண்ணை. தெரிஞ்சிருந்தா வாசல்ல போய் நிண்டிருப்பன்" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். அவர் குரல் கொடுப்பது பத்து வயதுப் பையனுக்கு. பழைய தொடரிலும் அவனுக்குப் பேசியவர் அவர்தான். பையன்களையே பேசவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் குரல் உடைந்துவிடும் என்பதால், இத்தகைய வேடங்களைப் பெண்களுக்குக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். சரசரக்கும் குளிர்ச்சட்டையை வெளியே தொங்கவிட்டுப் பருத்திச் சட்டையோடு நின்றார். பச்சை அப்பிளில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டார். வாயில் எச்சில் பிசுபிசுத்தால் சொல்லுக்குச் சொல் 'டிக்' என்ற சத்தம் மைக்கில் விழும். அப்பிளின் புளிப்பு அதை அறுத்துவிடும். வசனத் தாள்களைப் புரட்டும் சத்தம் பதிவாகாதபடி ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கமாகப் பரப்பி வைத்தார்.

வேற்றுமொழிப் படத்துக்கு டப்பிங் பேசும்போது உதடு முன்னே போகும், குரல் பின்னே வரும். இங்கே முறை வேறு. குரல்தான் முதலில் பதிவாகிறது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஓவியர் உதட்டையும் புருவத்தையும் வரைகிறார். பேசுகிறவருக்கு முன்னால் முகம் எதுவும் இல்லை. வெறும் கோட்டுருவங்களை ஓடவிட்ட 'அனிமேட்டிக்' ஒன்றும், காதில் இயக்குநரின் குரலும்தான் துணை. கோபத்தில் மூக்கு விடைப்பதை ஓவியர் வரைய வேண்டுமென்றால், அந்த விடைப்பு முதலில் குரலில் இருந்தாக வேண்டும்.

பதிவு தொடங்குமுன் இயக்குநர் பழைய தொடரிலிருந்து ஒரு சிறு துண்டைப் போடச் சொன்னார். பையன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிநேகிதனைக் கூப்பிடும் காட்சி. அம்மா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு புதிய வசனத்தைச் சொன்னார். பொருந்தவில்லை. வயது ஏற ஏறப் பெண்களின் குரல் கொஞ்சம் கனத்து இறங்கும். ஆண்களுக்கு முதுமையில் மேலே ஏறுவதும் உண்டு. இரண்டு பேருக்குமே மூச்சின் நீளம் குறையும். இரண்டாம் முறை அவர் தொண்டையை இறுக்கிச் சுருதியை உயர்த்தினார். இன்னும் மோசம். இயக்குநர் பேச்சுப் பொத்தானை அழுத்தி, "குரலை விடுங்கள். அவனுடைய அவசரத்தைப் பிடியுங்கள்" என்றார்.

பழைய துண்டு இன்னொரு முறை ஓடியது. இந்த முறை எனக்கும் அது கேட்டது. எந்த வாக்கியத்தையும் அந்தப் பையன் ஒரே மூச்சில் முடிப்பதில்லை. கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு குட்டி மூச்சை இழுத்துக்கொண்டுதான் பாய்கிறான். அம்மா குதிகாலைத் தூக்கி, நாடியை நிமிர்த்தி, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு அந்த மூச்சோடு வசனத்தைச் சொன்னார். சுருதி பழைய உயரத்துக்குப் போகவில்லை. ஆனாலும் பையன் வந்துவிட்டான். ஒலிப்பதிவாளர் அந்த டேக்கில் உடனே குறி போட்டார்.

குறையும் சுருதியைக் கணினியில் ஏற்றிவிட முடியாதா என்று அவரிடம் கேட்டேன். ஏற்றிக் காட்டினார். உயரம் சரியாக இருந்தது. பேசுவது யாரென்றுதான் தெரியவில்லை. "சுருதியை ஏத்தலாம் அண்ணை, மூச்சை ஏத்தேலாது" என்றார். மறுபடி தயாராகும் தொடர்கள் பழைய நடிகர்களை ஏன் தேடிப் போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

கத்தல்களைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். மரத்திலிருந்து விழுவது, வயிற்றில் பந்து படுவது, தண்ணீரில் மூச்சுத் திணறுவது எல்லாம் அதில் சேரும். முதலிலேயே கத்திவிட்டால் தொண்டை கரகரத்து அன்றைய வசனம் முழுதும் கெட்டுப்போகும். ஒவ்வொரு விழுதலுக்கும் மூன்று விதம் கொடுத்தார்: எதிர்பாராமல் விழுவது, தெரிந்தே குதிப்பது, விழுந்துவிட்டு வலியை மறைப்பது. இடைவேளையில் தேன் கலந்த வெந்நீரோடு வந்து உட்கார்ந்தார். பழைய வேடம்தானே என்று யாரும் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. மறுபடியும் குரல் தேர்வு வைத்தார்களாம். "அவன் இன்னும் எனக்குள் இருக்கிறானா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது" என்றார்.

பழைய நடிகர்களைத் தேடிப் போகும் இந்தத் தேடலை உலகமே பார்க்கச் செய்து காட்டிய தொடர், 2024 மார்ச் 20 அன்று வெளியான 'எக்ஸ்-மென் '97'. பழைய கதை நின்ற இடத்திலிருந்தே அது தொடர்ந்தது. வுல்வரினுக்குக் கால் டாட், ரோக்குக்கு லெனோர் ஸான், ஸ்டோர்முக்கு அலிசன் சீலி-ஸ்மித், பீஸ்டுக்கு ஜார்ஜ் பூஸா என்று பழையவர்கள் திரும்பி வந்தார்கள். நடுவில் அவர்கள் வேறு வாழ்க்கை வாழ்ந்திருந்தார்கள். லெனோர் ஸான் நோவா ஸ்கோஷியா மாகாணச் சட்டமன்றத்தில் பத்து வருடம் உறுப்பினர். பிறகு 2021 வரை கனடிய நாடாளுமன்ற உறுப்பினர்.

வர முடியாதவர்களும் இருந்தார்கள். சைக்ளொப்ஸாகப் பேசிய நோர்ம் ஸ்பென்சரும் மக்னீட்டோவாகப் பேசிய டேவிட் ஹெம்பிளனும் 2020இல் காலமாகிவிட்டார்கள். அந்த வேடங்கள் ரே சேஸுக்கும் மத்தியூ வாட்டர்சனுக்கும் போயின. வேடம் கைமாறிய சில பழைய நடிகர்களுக்கு வேறு பாத்திரங்கள் கிடைத்தன: முன்பு காம்பிட்டாகப் பேசிய கிறிஸ் பொட்டர் கேபிள் ஆனார், ஜீன் கிரேயாகப் பேசிய கேத்தரின் டிஷர் வலரி கூப்பர் ஆனார். இந்தப் பட்டியலில் என் மனதில் நிற்பவர் அலிசன் கோர்ட். அவர் பேசிய ஜூபிலி சீன வம்சாவளிப் பெண். அந்தக் குரல் ஆசிய வம்சாவளி நடிகை ஒருவருக்கே உரியது என்று அவர் தானாக ஒதுங்கினார். ஹோலி சூ அந்த இடத்துக்கு வந்தார். ஜூபிலி தன் முதிர்ந்த வடிவத்தைச் சந்திக்கும் ஓர் அத்தியாயத்தில், அந்த முதிர்ந்தவளாகப் பேச அலிசன் கோர்ட்டையே அழைத்தார்கள். விட்டுக்கொடுத்தவருக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

இப்போது குறுக்குவழி ஒன்று வந்திருக்கிறது. பழைய பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து, அதே குரலில் புதிய வசனத்தைப் பேச வைத்துவிடலாம். இதைக் கண்டு குரல் நடிகர்கள் அஞ்சுவது வீண் அச்சமல்ல. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் கொடுக்கும் நடிகர்கள் 2024 ஜூலையில் தொடங்கி அடுத்த வருடக் கோடை வரை வேலைநிறுத்தம் செய்ததற்கு முக்கியக் காரணம், செயற்கை நுண்ணறிவு தங்கள் குரலைச் சம்மதமின்றி எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற கோரிக்கைதான். பழைய டேக்குகளில் இருக்கும் மூச்சைக் கணினி பிரதி எடுக்கும். இன்றைய காட்சியில் அந்த மூச்சு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று முடிவெடுக்க, நின்று யோசித்து, தவறிப்போய், திரும்பச் சொல்லும் ஒரு மனிதர் வேண்டும். அன்று அந்த முடிவு மூன்றாவது டேக்கில் கிடைத்ததை நான் பார்த்தேன்.

குரலுக்குரியவர் இருக்கும்வரை அவரையே கூப்பிட வேண்டும். இல்லாதபோது இன்னொரு மனிதரைத் தேடி, அவருக்கு உரிய கூலியைக் கொடுக்க வேண்டும். எந்தக் குரலையும் அதன் சொந்தக்காரரின் சம்மதமின்றித் தொடக்கூடாது. பார்க்கிற நமக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளைகளோடு கார்ட்டூன் பார்த்து முடித்ததும், அடுத்த அத்தியாயம் தானாக ஓடத் தொடங்குமுன் அதைக் கொஞ்சம் நிறுத்திப் பெயர்ப்பட்டியலைக் காட்டுங்கள். தங்களுக்குப் பிடித்த பாத்திரத்துக்கு நேரே இருக்கும் பெயரை அவர்களே வாசிக்கட்டும்.